எதைத் தொடக் கூடாது: அடையாள வழங்கிக்கான கிளஸ்டர் ஆப்பரேட்டரை ஆக்கலும் சோதித்தலும்

1. கேள்வி

ஒரு நிறுவனத்தின் பயன்பாடுகள் எல்லாம் நலமாக ஓடிக்கொண்டிருக்கும்; ஆனால் யாராலும் உள்ளே நுழைய முடியாது. பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் அடையாள வழங்கி நின்றுபோயிருக்கும். மற்ற மென்பொருள் ஒன்று விழுந்தால் அதன் வேலை மட்டும் நிற்கும். அடையாள வழங்கி விழுந்தால் அதை நம்பியிருக்கும் அத்தனையும் நிற்கும். இதைவிடக் கொடியதும் ஒன்று உண்டு. வழங்கி ஓடிக்கொண்டே இருக்கும். அனுமதிக்கக் கூடாத ஒருவரையும் அனுமதித்துக்கொண்டிருக்கும். நின்றுபோனது நிமிடங்களில் தெரிந்துவிடும். தவறாக அனுமதிப்பது மாதக் கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கலாம்.

இத்தகைய வழங்கியை இயக்கும் பொறுப்பை இன்னொரு மென்பொருளிடம் ஒப்படைக்கலாமா? ஒப்படைப்பதானால் எந்த எல்லை வரை? அது சரியாக நடந்துகொள்கிறது என்பதை எதைக் கொண்டு அறிவது? இம்மூன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பல கணினிகளை ஒன்றாக இயக்கும் குபெர்னெட்டீஸ் கிளஸ்டரில் அப்படிப் பொறுப்பேற்கும் மென்பொருளுக்கு ‘ஆப்பரேட்டர்’ என்று பெயர். எடுத்துக்காட்டுகளாக இரண்டு திறமூல வழங்கிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மன்னார் வளைகுடாவின் அக்கரையில், கொழும்பில் வளர்ந்த டபிள்யூஎஸ்ஓ2 ஐடென்டிட்டி சர்வர். மற்றது ரெட் ஹேட் நிறுவனத்தில் தோன்றிய கீகிளோக்.

ஆத்தூர், தூத்துக்குடிக் கரையில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. 2024 டிசம்பரில் தூத்துக்குடியில் டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டது. மென்பொருள் வேலைக்குச் சென்னைக்கோ பெங்களூருவுக்கோ போய்த்தான் ஆகவேண்டும் என்ற நிலை மெல்ல மாறுகிறது. ஆயினும் இக்கரையின் கப்பல் முகவர் அலுவலகமோ உப்பு ஏற்றுமதி நிறுவனமோ கல்லூரியோ, இரவும் பகலும் கண்விழிக்கும் பெரிய கணினிக் குழுவை வைத்துக்கொள்ள இயலாது. தானியங்கி இயக்கம் மிகவும் தேவைப்படுவது இத்தகைய சிறு குழுக்களுக்கே. அது தவறிழைத்தால் கண்டுபிடிக்க ஆளில்லாமல் தவிப்பவையும் இவையே.

நான் நிறுவ முயலும் கருத்து இது: அடையாள வழங்கிக்கான ஆப்பரேட்டரின் தரத்தை, அது எத்தனை வேலைகளைத் தானாகச் செய்கிறது என்பதை வைத்து அளக்கக் கூடாது. எவற்றைத் தொடாமல் விடுகிறது, அந்த எல்லை இடர்க்காலத்திலும் காக்கப்படுகிறதா என்பதே அளவுகோல். சோதனையும் அந்த எல்லையை மையமாகக் கொண்டே அமைய வேண்டும்.

2. வழங்கி சுமக்கும் நான்கு நிலைகள்

இன்றைய அடையாள வழங்கிகள் மூன்று பொதுத் தரங்களைப் பேசுகின்றன: 2005-இல் வெளியான எஸ்ஏஎம்எல் 2.0, 2012-இல் வெளியான ஓஆத் 2.0, அதன்மீது 2014-இல் எழுந்த ஓப்பன்ஐடி கனெக்ட். பயனர் வழங்கியிடம் தன்னை நிரூபிக்கிறார். வழங்கி தன் தனிச்சாவியால் கையொப்பமிட்ட டோக்கன் ஒன்றைத் தருகிறது. பயன்பாடுகள் வழங்கியின் பொதுச்சாவியைக் கொண்டு அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கின்றன.

டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் 2005-இல் சஞ்சீவ வீரவரண, பால் ஃப்ரீமேன்டில் உள்ளிட்டோரால் தொடங்கப்பட்டது. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் இணையச் சேவைத் திட்டங்களில் உழைத்தவர்கள் அவர்கள். அதன் பொறியியல் பணி பெருமளவு கொழும்பிலேயே நடந்தது. நிறுவனத்தை ஐரோப்பாவின் இகியூடி முதலீட்டுக் குழுமம் வாங்குவதாக 2024-இல் அறிவிப்பு வந்தது. கீகிளோக்கின் முதல் நிலைப்பதிப்பு 2014-இல் வந்தது. 2023 ஏப்ரலில் அது குபெர்னெட்டீஸின் தாய் அமைப்பான சிஎன்சிஎஃப்பின் வளர்நிலைத் திட்டமாக ஏற்கப்பட்டது. இரண்டும் ஜாவா மென்பொருள்கள். இரண்டுமே நான்கு வெவ்வேறு வகை ‘நிலைகளை’ச் சுமக்கின்றன.

முதலாவது, அமைப்புக் கோப்பு. டபிள்யூஎஸ்ஓ2 வழங்கியில், 2019-இல் வந்த 5.9.0 பதிப்பிலிருந்து, பெரும்பாலான அமைப்புகள் ‘டிப்ளாய்மென்ட்.டாமல்’ என்ற ஒரே கோப்பில் திரட்டப்பட்டன. இரண்டாவது, தரவுத்தளம். பயனர்கள், குழுக்கள், பதிவுபெற்ற பயன்பாடுகள், ஒப்புதல்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. மூன்றாவது, சாவிகள். கையொப்பச் சாவியும், தரவுத்தளத்தில் உள்ள இரகசியங்களை மறையாக்கும் சாவியும் இதில் அடங்கும். நான்காவது, நினைவகத்தில் வாழும் அமர்வுகளும் இடைச்சேமிப்பும். பல நகல்கள் ஓடும்போது இவற்றை ஒன்றுக்கொன்று தெரிவிக்க, டபிள்யூஎஸ்ஓ2 ஹேசல்காஸ்டையும் கீகிளோக் இன்ஃபினிஸ்பேனையும் பயன்படுத்துகின்றன.

இந்நான்கின் இயல்பும் ஒன்றல்ல. அமைப்புக் கோப்பைத் தவறாக மாற்றினால் பழையதை மீண்டும் வைத்துவிடலாம். அமர்வு அழிந்தால் பயனர் மறுபடி உள்நுழைவார். எரிச்சல் உண்டு, இழப்பு இல்லை. தரவுத்தளம் கெட்டால் காப்புப்படியை நாட வேண்டும். மறையாக்கச் சாவி தொலைந்தாலோ காப்புப்படி இருந்தும் பயனில்லை. அதிலுள்ள இரகசியங்களைத் திறக்க வழி கிடையாது. ஆகவே இந்நான்கையும் ஒரே கையால், ஒரே முறையில் நிர்வகிக்க முற்படும் ஆப்பரேட்டர் அடிப்படையிலேயே பிழையானது.

3. ஆப்பரேட்டர்: கருத்தும் இயக்கமும்

கூகுள் 2014 ஜூனில் குபெர்னெட்டீஸைத் திறமூலமாக்கியது; 1.0 பதிப்பு 2015 ஜூலையில் வந்தது. ஒரே மாதிரியான, தனக்கென நினைவு எதுவும் வைத்துக்கொள்ளாத நகல்களைப் பெருக்குவதில் அது சிறந்து விளங்கியது. தரவுத்தளம் போலத் தன் வரலாற்றைச் சுமக்கும் மென்பொருள்களுக்கு அது போதவில்லை. எந்த நகலை முதலில் நிறுத்துவது, எப்போது காப்புப்படி எடுப்பது என்பன அந்தந்த மென்பொருளை இயக்கிப் பழகியவருக்கே தெரியும். அந்தப் பட்டறிவை நிரலாக எழுதிக் கிளஸ்டருக்குள்ளேயே ஓடவிடலாம் என்று 2016 நவம்பரில் கோர்ஓஎஸ் நிறுவனம் முன்மொழிந்தது. குபெர்னெட்டீஸ் தன் தரவை வைக்கும் இட்சிடி, கண்காணிப்புக் கருவியான புரொமீத்தியஸ் ஆகிய இரண்டுக்கும் ஆப்பரேட்டர்களையும் அது வெளியிட்டது. 2018-இல் ரெட் ஹேட் அந்நிறுவனத்தை வாங்கி, ஆப்பரேட்டர்களை ஆக்குவதற்கான கருவித்தொகுப்பையும் வெளியிட்டது.

இதன் இயக்கம் எளியது. பயனர் தமக்கு ‘வேண்டிய நிலை’யை யாமல் கோப்பாக எழுதிக் கொடுக்கிறார்: இந்தப் பதிப்பு, இத்தனை நகல்கள், இந்தத் தரவுத்தளம். இத்தகைய புதிய பொருள் வகைகளைக் குபெர்னெட்டீஸுக்கு அறிமுகப்படுத்தும் வசதி, சிஆர்டி என்ற பெயரில் 2017-இல் 1.7 பதிப்பில் வந்து, 2019 செப்டம்பரில் 1.16 பதிப்பில் நிலைபெற்றது. ஆப்பரேட்டர் ‘இருக்கும் நிலை’யைப் பார்க்கிறது, வேண்டிய நிலையோடு ஒப்பிடுகிறது, வேறுபாட்டைக் குறைக்க ஓர் அடி எடுத்து வைக்கிறது, மறுபடியும் பார்க்கிறது. இந்தச் சுழற்சியை ஒத்திசைவு எனலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நம் கரையில் முத்துக் குளித்த காலத்தில், கடலடியில் இருப்பவர் கயிற்றைச் சுண்டினால் படகில் இருப்பவர் மேலே இழுப்பார். அந்த ஒரு சுண்டலைத் தவறவிட்டால் உயிர் போகும். நல்ல ஆப்பரேட்டர் அப்படிச் சுண்டலை நம்பி இருக்கக் கூடாது. மாற்றம் நிகழ்ந்ததாக அறிவிப்பு வந்தாலும் வராவிட்டாலும், ஒரே அறிவிப்பு இருமுறை வந்தாலும், நிலையை நேரில் பார்த்தே அது முடிவெடுக்க வேண்டும். ஒரே செயலைப் பலமுறை செய்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற நெறியும் இதிலிருந்தே பிறக்கிறது.

ஆப்பரேட்டர்களை மதிப்பிட அந்தக் கருவித்தொகுப்பின் ஆக்குநர்கள் ஐந்து படிநிலைகளை வகுத்திருக்கிறார்கள். அடிப்படை நிறுவலில் தொடங்கி, தடையற்ற மேம்படுத்தல், முழு வாழ்நாள் மேலாண்மை, ஆழ்ந்த கண்காணிப்பு என ஏறி, தானியங்கி இயக்கத்தில் அது முடிகிறது. பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல் இது. தரவுத்தளத்துக்கும் செய்தி வரிசைக்கும் இது பொருந்தலாம். அடையாள வழங்கிக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. இந்த ஏணி செய்யப்படும் வேலைகளை மட்டுமே எண்ணுகிறது. தொடாமல் காக்கப்பட வேண்டியவற்றுக்கு அதில் ஒரு படிகூட இல்லை.

4. இரண்டு வழிகள்

கொழும்பு வழங்கியைக் குபெர்னெட்டீஸில் நிறுவ, அதன் ஆவணங்கள் முதன்மையாக ஹெல்ம் வார்ப்புகளைப் பரிந்துரைக்கின்றன. ஹெல்ம் என்பது யாமல் கோப்புகளை மதிப்புகள் இட்டு நிரப்பிக் கிளஸ்டருக்கு அனுப்பும் கருவி. அனுப்பியதும் அதன் வேலை முடிந்தது. பிறகு என்ன நடந்தாலும் அது அங்கே இருக்காது. இதே நிறுவனம் ஏபிஐ மேலாண்மைக்கு 2019-இலேயே ஓர் ஆப்பரேட்டரை வெளியிட்டது. அடையாள வழங்கிக்கும் அத்தகைய ஒன்றை ஆக்கும் திறமூல முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஆயினும் உற்பத்திச் சூழலில் ஹெல்ம்தான் பொதுவழியாக இருக்கிறது.

இதை நிறுவனத்தின் பின்தங்கலாகக் காண்பது சரியாகாது. டபிள்யூஎஸ்ஓ2 வழங்கி நிறுவனங்களின் பழைய தரவுத்தளங்களோடும் பயனர்ப் பட்டியல்களோடும் பிணைந்து வாழும் மென்பொருள். உடன் வரும் எச்2 தரவுத்தளம் சோதித்துப் பார்ப்பதற்கு மட்டுமே. உற்பத்தியில் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ்கியூஎல், ஆரக்கிள் போன்ற வெளித் தரவுத்தளம் தேவை. நகல்கள் ஒன்றையொன்று கண்டறிய அவை குபெர்னெட்டீஸ் ஏபிஐயிடமே கேட்கின்றன; அதற்கான அனுமதியைத் தனியே வழங்க வேண்டும். இப்படி இடத்துக்கு இடம் மாறும் கூறுகள் மிகும்போது, எல்லாருக்கும் பொருந்தும் பட்டறிவை நிரலாக்குவது கடினம்.

கீகிளோக் வேறு பாதையில் சென்றது. அதன் பழைய ஆப்பரேட்டர் கோ மொழியில் எழுதப்பட்டது. கீகிளோக் நிறுவல் மட்டுமன்றி, ரெல்ம் (பயனர்களும் பயன்பாடுகளும் அடங்கும் தனி வட்டம்), பயன்பாடு, பயனர், காப்புப்படி ஆகியவையும் அதில் தனித்தனிக் குபெர்னெட்டீஸ் பொருள்களாக இருந்தன. ஒரு மனிதரின் கணக்கையே யாமல் கோப்பாக எழுதலாம் என்ற அளவுக்கு அது விரிந்திருந்தது. 2022-இல் குவார்க்கஸ் என்ற ஜாவா அடித்தளத்துக்கு கீகிளோக் மாறியபோது, ஆப்பரேட்டரும் ஜாவாவில் புதிதாக எழுதப்பட்டது. அந்தப் புதிய வடிவம் இரண்டே பொருள்களோடு தொடங்கியது: வழங்கியைக் குறிக்கும் ‘கீகிளோக்’, தொடக்க அமைப்பை ஏற்றும் ‘கீகிளோக்ரெல்ம்இம்போர்ட்’.

ஒரு மென்பொருளின் மறு ஆக்கத்தில் வசதிகள் குறைவது அரிது. பயனரையும் பயன்பாட்டையும் விட்டுவிட்டு ஆப்பரேட்டர் பின்வாங்கியது ஏன் என்ற கேள்வி, இந்த ஆய்வின் மையத்துக்கு நம்மைக் கொண்டுசெல்கிறது.

5. உண்மை எங்கே இருக்கிறது?

ஆப்பரேட்டர் கருத்து ஒரு முன்முடிவின்மீது நிற்கிறது: வேண்டிய நிலை கிளஸ்டரில் எழுதப்பட்டிருக்கிறது, அதுவே உண்மை, மற்றவை அதற்கு இணங்க வேண்டும். நகல்களின் எண்ணிக்கைக்கு இது பொருந்தும். மூன்று என்று எழுதியிருக்க இரண்டு ஓடினால், மூன்றாவதைத் தொடங்க வேண்டியதுதான்.

அடையாளத் தரவுக்கு இது பொருந்துமா? ஓர் ஊழியர் வேலையை விட்டு நீங்குகிறார். நிர்வாகி வழங்கியின் திரையில் அவர் கணக்கை முடக்குகிறார். யாமல் கோப்பில் அந்தக் கணக்கு இன்னும் செயலில் இருப்பதாகவே எழுதியிருக்கிறது. ஒத்திசைவு தன் கடமையைச் செய்தால் முடக்கப்பட்ட கணக்கு உயிர்பெற்றுவிடும். ஆப்பரேட்டர் தனக்கு விதிக்கப்பட்டதைத்தான் செய்திருக்கிறது. நிறுவனத்தின் கதவு திறந்துவிட்டது. அடையாளத் தரவில் உண்மை தரவுத்தளத்தில் பிறக்கிறது. பயனர் கடவுச்சொல்லை மாற்றும்போதும், ஒப்புதல் தரும்போதும், நிர்வாகி அணுக்கத்தைப் பறிக்கும்போதும் அது அங்கேதான் மாறுகிறது. யாமல் அதன் பழைய நிழற்படம் மட்டுமே.

புதிய கீகிளோக் ஆப்பரேட்டரின் ரெல்ம் ஏற்றம் இந்த உணர்வோடு அமைந்திருக்கிறது. அது ஒரு முறை ஓடும் பணியாகத் தொடங்கி, இல்லாத ரெல்மை உருவாக்குகிறது. ஏற்கெனவே இருக்கும் ரெல்மைப் புதுப்பிப்பதில்லை, அழிப்பதும் இல்லை. திரையில் செய்யப்படும் மாற்றங்கள் யாமலுக்குத் திரும்பி வருவதும் இல்லை. பலர் இதைக் குறையாகக் கருதுகிறார்கள். என் பார்வையில், தன் எல்லையை உணர்ந்த வடிவமைப்பு இது.

எல்லை மங்கலான இடங்களும் இருக்கின்றன. தொடக்க நிர்வாகியின் கடவுச்சொல்லை ஆப்பரேட்டர் உருவாக்கி, ஒரு குபெர்னெட்டீஸ் இரகசியப் பொருளில் வைக்கிறது. அது முதல் தொடக்கத்துக்கு மட்டுமே பயன்படும். பின்னர் அந்த இரகசியத்தை மாற்றினாலும் வழங்கிக்குள் கடவுச்சொல் மாறாது. குபெர்னெட்டீஸின் பிற பொருள்களோடு பழகியவர், இரகசியத்தை மாற்றியதும் கடவுச்சொல்லும் மாறிவிட்டதாக நம்பிவிடக்கூடும். பாதுகாப்பில் இத்தகைய தவறான நம்பிக்கை பெரும் ஆபத்து.

சாவிகளில் எல்லை இன்னும் கூர்மையாக வேண்டும். சாவி இல்லையென்றால் உருவாக்கு என்பது ஆப்பரேட்டர் எழுதுவோருக்கு இயல்பாக வரும் வரி. ‘இல்லை’ என்று ஆப்பரேட்டருக்குத் தோன்றியது தற்காலிகப் பிணையத் தடங்கலால் இருந்தால், புதுச் சாவி பழையதை மூடிவிடும். நடப்பு டோக்கன்கள் எல்லாம் செல்லாதவை ஆகும். சாவியை மனிதர் தந்தே ஆகவேண்டும், ஆப்பரேட்டர் அதைச் சுட்டிக்காட்ட மட்டுமே செய்யலாம் என்பதே பாதுகாப்பான வடிவமைப்பு.

மேம்படுத்தலும் எல்லைக் கேள்விதான். புதிய பதிப்பு தொடங்கும்போது கீகிளோக் லிக்விபேஸ் கருவியைக் கொண்டு தரவுத்தள அமைப்பை முன்னேற்றுகிறது. பழைய பதிப்பும் புதியதும் ஒரே தரவுத்தளத்தில் ஒருசேர ஓடுவது ஆபத்து. எனவே வழங்கியின் கொள்கலப் படிமம் மாறினால் எல்லா நகல்களையும் நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்குவது கீகிளோக் ஆப்பரேட்டரின் இயல்பு வழக்கம். அமர்வுகள் நினைவகத்தில் மட்டும் இருந்தவரை, இப்படி நிறுத்தினால் எல்லாரும் வெளியேற்றப்பட்டார்கள். 2024 அக்டோபரில் வந்த 26-ஆம் பதிப்பில் பயனர் அமர்வுகள் தரவுத்தளத்தில் நிலைப்படுத்தப்படுவது இயல்பாயிற்று. சிக்கல் ஆப்பரேட்டரில் தீரவில்லை, வழங்கியில் தீர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வழங்கியின் குறையை ஆப்பரேட்டரின் சாமர்த்தியத்தால் மூடுவது நிலைக்காது.

6. சோதனையின் அடுக்குகள்

நடைமுறையில் ஆப்பரேட்டர் சோதனை மூன்று அடுக்குகளில் நடக்கிறது. போலி ஏபிஐயை வைத்துத் தனிச் செயற்கூறுகளைச் சோதிப்பது முதல் அடுக்கு. இரண்டாவது என்வ்டெஸ்ட்: உண்மையான ஏபிஐ வழங்கியையும் இட்சிடியையும் மட்டும் ஓடவிட்டு, அவற்றோடு ஆப்பரேட்டரைப் பேசவைப்பது. மூன்றாவது கைண்ட் போன்ற கருவியால் மடிக்கணினியிலேயே முழுக் கிளஸ்டரை எழுப்பி, வழங்கியை நிறுவிப் பார்ப்பது.

என்வ்டெஸ்ட் வேகமானது, ஆனால் அதன் வரம்பை அறிந்திருக்க வேண்டும். அங்கே நகல்களை ஓட்டும் கியூப்லெட் இல்லை. ஒத்திசைவை நடத்தும் உள்ளமைந்த கட்டுப்படுத்திகளும் இல்லை. நிலையைச் சுமக்கும் நகல்களுக்கான ஸ்டேட்ஃபுல்செட் ஒன்றை உருவாக்கினால் அது காகிதத்தில் இருக்கும், ஒரு நகலும் எழாது. தாய்ப் பொருளை அழித்தால் சார்ந்த பொருள்கள் தாமாக அழியாது. வழங்கியைக் குறிக்கும் முதன்மைப் பொருளை நீக்கினாலும் சாவிகள் பிழைக்கின்றன என்று என்வ்டெஸ்ட் பச்சை காட்டினால், அதற்குப் பொருளே இல்லை. அழிக்க வேண்டிய கூறு அங்கே ஓடவே இல்லை.

மூன்று அடுக்குகளும் பெரும்பாலும் நல்வழியையே சோதிக்கின்றன. இடர்வழியைப் பற்றிய நம் அறிவை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற மூன்று ஆய்வுகள் மாற்றியமைத்திருக்கின்றன.

2022-இல் ஓஎஸ்டிஐ மாநாட்டில் வெளியான ‘சீவ்’, ஆப்பரேட்டர் காணும் உலகைக் குலைத்துப் பார்த்தது. அது மூன்று வகைக் குலைவுகளைக் கையாண்டது. வேலையின் நடுவில் ஆப்பரேட்டரை வீழ்த்துவது ஒன்று. பின்தங்கிய ஏபிஐ வழங்கியிடமிருந்து பழைய நிலையைக் காட்டுவது மற்றொன்று. இடையில் நிகழ்ந்த மாற்றத்தைக் காணவிடாமல் செய்வது மூன்றாவது. புழக்கத்தில் இருந்த 10 கட்டுப்படுத்திகளில் 46 கடும் பிழைகளை அது வெளிக்கொணர்ந்தது. அடையாள வழங்கிக்கு இம்மூன்றையும் பொருத்திப் பார்க்கலாம். சாவி உருவாக்கியதும், அதைப் பதிவுசெய்யும் முன் ஆப்பரேட்டர் விழுந்தால் என்ன ஆகும்? தரவுத்தள மாற்றம் முடிந்த பின்னும் அது முடியவில்லை என்ற பழைய நிலையைக் கண்டால் மறுபடி ஓட்டுமா? வழங்கியை அழித்து அதே பெயரில் உடனே மீண்டும் உருவாக்கினால், அது புதியது என்று ஆப்பரேட்டர் உணருமா?

2023-இல் எஸ்ஓஎஸ்பி மாநாட்டில் வந்த ‘ஆக்டோ’ வேறு கேள்வியைக் கேட்டது. யாமலில் ஒவ்வொரு பண்பாக மாற்றிக்கொண்டே போய், வழங்கி உரிய நிலையை அடைகிறதா, தவறான மதிப்பைத் திருத்தினால் மீள்கிறதா என்று பார்த்தது. 11 ஆப்பரேட்டர்களில் 56 புதிய பிழைகளைக் கண்டது. மீட்சி பற்றிய கேள்வி இங்கே மிக முக்கியம். ஸ்டேட்ஃபுல்செட்டின் இயல்பு அமைப்பில், தவறான மாற்றத்தால் ஒரு நகல் எழ முடியாமல் சிக்கிக்கொண்டால், மாற்றத்தைத் திரும்பப் பெற்றாலும் மனிதர் தலையிட்டு அந்த நகலை நீக்கும்வரை அது சிக்கியே கிடக்கலாம் என்று குபெர்னெட்டீஸ் ஆவணங்களே எச்சரிக்கின்றன. தரவுத்தளக் கடவுச்சொல்லைத் தவறாக எழுதி, பிறகு சரியாகத் திருத்திய சிறு குழு, நள்ளிரவில் இந்த முட்டுச்சந்தில் நிற்கும்.

2024-இல் ஓஎஸ்டிஐ மாநாட்டின் சிறந்த கட்டுரைகளுள் ஒன்றாகத் தேர்வான ‘ஆன்வில்’ சோதனையைத் தாண்டி மெய்ப்பித்தலுக்குச் சென்றது. வேண்டிய நிலை மாறாமல் இருந்தால் ஆப்பரேட்டர் ஒருநாள் அதை எட்டும், எட்டியபின் அங்கேயே நிற்கும் என்பதைக் கணித முறையில் மெய்ப்பிக்க அது வழி தந்தது. மகத்தான முன்னேற்றம் இது. ஆனால் ‘எட்டும்’ என்பதற்கான உறுதி அது. எட்டுவதற்கு முன், இடைப்பட்ட நேரத்தில் வழங்கி யாரை அனுமதிக்கிறது என்பது அடையாளத்துக்கே உரிய வேறு கேள்வி.

7. அடையாளத்துக்கே உரிய சோதனைகள்

மேற்கண்ட ஆய்வுகள் கிளஸ்டரின் பொருள்களைப் பார்த்துச் சரி, தவறு சொல்கின்றன. அடையாள வழங்கியில், பொருள்கள் எல்லாம் சரியாக இருந்தும் பாதுகாப்பு குலையலாம். எனவே மேலும் ஐந்து சோதனைகள் தேவை என்று முன்வைக்கிறேன்.

ஒன்று, தொடர்ச்சி. மேம்படுத்துமுன் ஒரு டோக்கன் பெற வேண்டும். மேம்படுத்திய பின் அதன் கையொப்பம் செல்லுகிறதா, புதுப்பிப்பு டோக்கன் வேலை செய்கிறதா, வெளியிடப்பட்ட பொதுச்சாவிப் பட்டியலில் பழைய சாவி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு, மறுப்பு. முடக்கப்பட்ட பயனர், பறிக்கப்பட்ட டோக்கன், பதிவுபெறாத திருப்பு முகவரி ஆகியவற்றை வழங்கி மறுக்கிறதா என்பதை, ஒவ்வொரு மறுதொடக்கத்துக்கும் நகல் பெருக்கத்துக்கும் பின் சோதிக்க வேண்டும். ஒரு நகலில் அணுக்கத்தைப் பறித்து, மற்றொரு நகலில் முயன்று பார்க்க வேண்டும். நகல்கள் ஒன்றையொன்று கண்டறியாமல் தனித்தனியே ஓடினால், உள்நுழைவு எல்லாம் நன்றாக நடக்கும். பறிப்பு மட்டும் பரவாது. நல்வழிச் சோதனை இதை ஒருநாளும் காட்டாது.

மூன்று, தொடாமை. நிர்வாகத் திரை வழியாக ஒரு பயன்பாட்டைப் பதிவுசெய்து, ஒரு பயனரை முடக்கிவிட்டு, ஆப்பரேட்டரைத் திரும்பத் திரும்ப வீழ்த்தி எழுப்ப வேண்டும். முதன்மைப் பொருளை நீக்கி மீண்டும் இட வேண்டும். தரவுத்தளத்தில் அந்த இரண்டும் அப்படியே இருக்க வேண்டும். சாவிகளும் இருக்க வேண்டும்.

நான்கு, கசிவின்மை. ஆப்பரேட்டரின் பதிவேடு, நிலைக் குறிப்பு, நிகழ்வுகள் எதிலும் கடவுச்சொல்லோ சாவியோ வெளிப்படக் கூடாது. கிளஸ்டரில் தனக்கென ஒதுக்கிய பெயர்வெளிக்கு வெளியே உள்ள இரகசியங்களை ஆப்பரேட்டரால் படிக்க முடியாது என்பதையும் முயன்று, தோற்றுக் காட்ட வேண்டும்.

ஐந்து, பின்னிறங்க மறுத்தல். தரவுத்தளம் புதிய பதிப்புக்கு முன்னேறிய பின் பழைய படிமத்தைக் கேட்டால், ஆப்பரேட்டர் கீழ்ப்படியக் கூடாது. காரணத்தை நிலைக் குறிப்பில் தெளிவாக எழுதிவிட்டு நிற்க வேண்டும். தனக்குத் தெரியாத இடத்தில் நின்று மனிதரை அழைப்பது ஆப்பரேட்டரின் கடமைகளுள் ஒன்று. அதற்கும் சோதனை வேண்டும்.

இத்தனை கண்டிப்பு தேவையா என்று கேட்கலாம். 2018-இல் பெங்களூரு ஐஐஐடி நிறுவனத்தில் தொடங்கிய மொசிப் திறமூல அடையாளத் தளம், தன் உள் அணுக்க மேலாண்மைக்குக் கீகிளோக்கைப் பயன்படுத்துகிறது, குபெர்னெட்டீஸில் ஓடுகிறது. இந்திய நிதியுதவியோடு இலங்கை முன்னெடுக்கும் எண்ணிம அடையாளத் திட்டமும் அந்தத் தளத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஆக, அக்கரையில் ஒரு மீனவரின் அடையாளம் பதிவாகும் வழியில் இந்தக் கூறுகள் நிற்கக்கூடும். குடிமக்களின் பதிவேட்டை நிர்வகிப்போரின் அணுக்கம் பிழைபடாமல் இருப்பது தொழில்நுட்ப அழகுக்காக வேண்டப்படுவதன்று.

8. மறுப்புகள்

இக்கருத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, அடையாள அமைப்பும் கிட் களஞ்சியத்தில் எழுதப்பட்டு, அங்கிருந்தே ஆளப்பட வேண்டும் என்பது. யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற தணிக்கைத் தடமும், பேரிடருக்குப் பின் முழுதாக மீண்டும் எழுப்பும் வசதியும் அப்போது கிடைக்கும். இது நியாயமான வாதம். இதை நான் பாதி ஏற்கிறேன். பயன்பாட்டுப் பதிவு, திருப்பு முகவரி, டோக்கனின் ஆயுள் ஆகியவை வடிவமைப்போரின் முடிவுகள், எழுதி ஆளலாம். மனிதரின் கணக்கும், முடக்கமும், ஒப்புதலும் வாழ்வில் நிகழ்பவை. எழுதி ஆளக் கூடாது. இரண்டுக்கும் நடுவே, எந்தப் புலம் யாருக்கு உரியது என்று பதிவுசெய்யும் ஏற்பாடு வேண்டும். குபெர்னெட்டீஸில் 2021-இல் 1.22 பதிப்பில் நிலைபெற்ற வழங்கிப்பக்க இடுகை முறை, ஒவ்வொரு புலத்துக்கும் உரிமையாளரைக் குறித்து வைக்கிறது. அடையாள வழங்கிகளின் தரவுத்தளத்தில் அதற்கு இணையான ஏற்பாடு இல்லை. அது வரும்வரை ஒதுங்கி நிற்பதே நேர்மை.

இரண்டாவது மறுப்பு அதிகாரம் பற்றியது. ஆப்பரேட்டருக்கு இரகசியங்களைப் படிக்கவும் நகல்களை உருவாக்கவும் உரிமை தேவை. அதைக் கைப்பற்றியவர் அடையாள வழங்கியையே கைப்பற்றியவர் ஆகிறார். ஹெல்மின் வரலாறு இதற்குச் சான்று. கிளஸ்டருக்குள் பெரும் அதிகாரத்தோடு ஓடிய ‘டில்லர்’ என்ற கூறு, 2019 நவம்பரில் வந்த ஹெல்ம் 3 பதிப்பில் நீக்கப்பட்டது. ஆப்பரேட்டரை ஒரே பெயர்வெளிக்குள் அடைப்பது இந்த ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது.

மூன்றாவது, பராமரிப்பு. ஆப்பரேட்டரும் மென்பொருள்தான்; அதற்கும் வயதாகும். இந்தக் கருத்துக்கே முன்னோடியாக வந்த கோர்ஓஎஸ்ஸின் இட்சிடி ஆப்பரேட்டர், சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டுக் காப்பகத்துக்குப் போனது. முன்னோடிக்கே இக்கதி என்றால், சிறு குழு தனக்கென எழுதும் ஆப்பரேட்டரின் எதிர்காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். சிறு குழுக்களுக்கு என் பரிந்துரை இது: ஹெல்ம் கொண்டு நிறுவுங்கள், செயல்முறைக் கையேட்டை நல்ல தமிழிலோ ஆங்கிலத்திலோ வரிவரியாக எழுதுங்கள், ஏழாம் பகுதியின் சோதனைகளைக் கையாலேனும் ஓட்டுங்கள். எழுத்தில் வராத பட்டறிவு நிரலில் வர வழியில்லை. ஆப்பரேட்டரைப் பிறரிடமிருந்து எடுத்தாலும், அதே சோதனைகளில் அது தேறிய பிறகே உற்பத்திக்குள் விடுங்கள்.

9. முடிவு

அடையாள வழங்கி அமைப்பு, தரவு, சாவி, அமர்வு என நான்கு நிலைகளைச் சுமக்கிறது. அமைப்பை ஆப்பரேட்டர் முழுமையாக ஆளலாம். அமர்வைக் கவனத்தோடு கடக்க உதவலாம். சாவியைச் சுட்டலாம், ஆக்கவோ அழிக்கவோ கூடாது. தரவை வழங்கியின் சொந்த வழிகளுக்கே விட்டுவிட வேண்டும். கீகிளோக்கின் மறு ஆக்கம் ஏறக்குறைய இந்தத் திசையில் நகர்ந்தது. கொழும்பு வழங்கியின் நிதானமும் இதே காரணத்தால் மதிக்கத்தக்கது.

ஆக்கத்தைவிடச் சோதனையில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். சீவும் ஆக்டோவும் ஆன்வில்லும் பொதுவான ஆப்பரேட்டர்களுக்குக் கருவி தந்துவிட்டன. மறுப்பையும் தொடாமையையும் அளக்கும் பொதுச் சோதனைத் தொகுப்பு ஒன்றை, வழங்கி எதுவாயினும் பொருந்தும்படி திறமூலமாக ஆக்குவது அடுத்த பணி. அதற்குப் பெருநகரமோ பெருமுதலோ தேவையில்லை. ஒரு மடிக்கணினியில் கைண்ட் கிளஸ்டர் எழுப்பத் தெரிந்த மாணவர்கள் சிலரும், வழங்கியை இயக்கிப் பட்டறிந்த ஒருவரும் போதும். தூத்துக்குடி மாவட்டத்தின் பொறியியல் கல்லூரிகள் இறுதியாண்டுத் திட்டமாகவே இதை எடுத்துச் செய்யலாம். ஐந்து சோதனைகளில் மறுப்புச் சோதனையிலிருந்து தொடங்குவது நன்று. பிழை மிக நீண்ட காலம் மறைந்து கிடக்கும் இடம் அதுதான்.